அண்டாவில் இருக்கிற பெரியவர்

சொல்லவே வெட்கமாக இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நாளாக, விடிந்ததும் உன் அப்பன் பின்கட்டில் குந்திக்கொண்டு ஒரு விரால் மீனுக்கு மண்புழு ஊட்டிக்கொண்டிருக்கிறான். முள்ளில் குத்தி அல்ல, கையால். வாழைக்குக் கீழே ஈரமண்ணைக் கிளறி, புழுவைப் பொறுக்கி, அலசி, உன் தாத்தாவின் பித்தளை அண்டாவுக்குள் ஒவ்வொன்றாக விடுகிறேன். நம் வீட்டில் நாலு தலைமுறையாக மீன் பிடிக்கிறோம். மீனுக்குப் புழுவைச் சும்மா போட்ட முதல் ஆள் நான்தான். உன் அம்மா சமையற்கட்டு வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விடுகிறாள். அவள் ஒன்றும் பேசாமல் உள்ளே போவது நம் வீட்டில் எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்கே தெரியும்.

இதைப் போனில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். நீ 'சொல்லுப்பா, ஷிப்ட்ல இருக்கேன்' என்கிறாய். ஷிப்டில் இருக்கிறவனிடம் சொல்கிற விஷயமா இது? அதனால்தான் எழுதுகிறேன். என் படிப்பு ஐந்தாவதோடு நின்றுபோனது. பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள். உடம்பும் முன் போல இல்லை. நாளெல்லாம் தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டு எழுந்தால், முட்டி எனக்கு முன்னால் ஒரு வார்த்தை பேசுகிறது. கை ஓயாமல் இருக்கும்போது மனசு ஓய்ந்துபோகிறது. தை மாசம் உனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் இதைப் பேசித் தீர்த்துவிட வேண்டும், கேட்டுக்கொள்.

நம் வழக்கத்தை வெளியாள் கேட்டால் சிரிப்பான். நெசவுக்காரனுக்கு லீவு என்றால் அமாவாசைதான். அன்றைக்குத் தறியில் உட்காரக் கூடாது. ஆனால் அமாவாசை அன்றைக்கு வீட்டில் கவுச்சியும் ஆகாது. மீன் பிடிக்க நேரம் கிடைக்கிற ஒரே நாள், மீன் தின்னக் கூடாத நாள். இந்தச் சிக்கை உன் கொள்ளுத்தாத்தா எப்படி எடுத்தாரோ, அப்படித்தான் இன்றைக்கும். காலையில் குளித்து, படையல் போட்டு, காக்காய்க்குச் சோறு வைத்து, வாழைக்காய்ப் பொரியலோடு சாப்பாட்டை முடித்துக்கொண்டு மாகறல் பக்கத்து ஏரிக்குக் கிளம்புவது. வலை போட்டால் ஏரியை ஏலம் எடுத்தவர் சண்டைக்கு வருவார், தூண்டிலை யாரும் கேட்பதில்லை. பிடிப்பதைக் குடத்துத் தண்ணீரில் உயிரோடு கொண்டுவந்து அண்டாவில் விட்டு மூடுவது. அமாவாசை கழிந்து மறுநாள்தான் குழம்பு. என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன், அவர் சொல்வார்: "இன்னைக்கிப் புடிக்கிறோம், நாளைக்கித்தான் கொல்றோம். சாமி ரெண்டு நாளையும் ஒண்ணா சேத்துப் பாக்காதுடா." சாமியை அவ்வளவு ஏமாளியாக நினைத்த மனுஷன், நெற்றியில் பட்டை இல்லாமல் தெருவில் இறங்கியதே இல்லை.

மீனுக்காகத்தான் போகிறோம் என்று நீ நினைத்திருப்பாய். மீன் மார்க்கெட்டில் கிடைக்கிறது, செதில் எடுத்துத் துண்டு போட்டே தருகிறார்கள். விஷயம் வேறு. தறியில் உட்கார்ந்தால் பேச முடியாது. நைனா ஒரு தறி, நான் ஒரு தறி, நாளெல்லாம் அவர் முதுகைப் பார்த்தே நான் வளர்ந்தேன். சாப்பிடும்போது பேசினால் பெண்கள் காதில் விழும். எதிரெதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துப் பேச நம் வம்சத்தில் யாருக்கும் வராது. ஏரிக்கரையில் மட்டும் அப்பனும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு தூண்டில் தக்கையைப் பார்த்துக்கொண்டிருப்போம். பேச்சு தானாக வரும். சொல்கிறவன் தண்ணீரிடம் சொல்வான், கேட்கிறவனும் தண்ணீரைப் பார்த்தே 'ம்' கொட்டுவான். மீன் கிடைத்தால் அது கூடுதல் லாபம்.

எனக்குப் பெண் பார்த்த விஷயத்தை நைனா சொன்னது அங்கேதான். "ஓரிக்கையில ஒரு பொண்ணு பாத்து வெச்சிக்கீறேன்" என்றார். எப்படி நைனா என்று கேட்டேன். தூண்டிலை எடுத்துப் புதுப் புழு கோத்து மறுபடி வீசினார். "வாய் கொஞ்சம் ஜாஸ்தி. உனுக்கு அதான் சரி" என்றார். இதை உன் அம்மாவிடம் நான் இன்று வரை சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. எத்தனையோ வருஷம் கழித்து அதே கரையில்தான், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ, வீட்டில் இப்போது சொல்லாதே என்று தக்கையிடம் சொன்னார். சரி நைனா என்று நானும் தக்கையிடம் சொன்னேன். வீட்டில் வைத்துக் கேட்டிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை என்று தறிக்குப் போயிருப்பார். அந்தக் கரையால் அவர் இன்னும் கொஞ்ச காலம் நம்மோடு இருந்தார்.

நீ முதல் தடவை வந்தது உனக்கு நினைவிருக்காது. முள்ளை ஏரியில் வீசுகிறேன் என்று பின்னால் ஓங்கி என் சட்டையில் மாட்டினாய். மாட்டியது தெரியாமல், "பெருசுப்பா, பெருசு" என்று இழுத்தாய். அதற்கப்புறம் நீ பிடித்த மீனிலேயே பெரிசு நான்தான். போன வருஷம் ஏரி நிரம்பிக் கோடி போய்க்கொண்டிருந்த சமயம், லீவு போட்டுவிட்டு அமாவாசைக்கு வந்தாய். எனக்கு அப்போதே சந்தேகம், இவன் மீனுக்கு வரவில்லை என்று. ரொம்ப நேரம் கழித்து, "அப்பா, ஆபீஸ்ல ஒரு பொண்ணு" என்றாய். என் தக்கை முங்கியது. நான் இழுக்கவில்லை. பேர் கேட்டேன். கயல்விழி என்றாய். பிடித்ததுதான் பிடித்தாய், பேரிலேயே மீனாகப் பிடித்தாயா என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. உன் காது சிவந்திருந்தது. தூண்டிலைத் தூக்கிப் பார்த்தால் புழுவைத் தின்றுவிட்டு மீன் போயிருந்தது. ஒரு மீனை விட்டதற்கு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு ஒரு நாள்தான்.

அப்புறம் நாம் மூன்று பேரும் பெண் கேட்டு வாலாஜாபாத் போனோம். நம் சம்பந்தி அரிசி மண்டிக்காரர், தன்மையான மனுஷன். விசிறியை நம் பக்கம் திருப்பிவைத்துவிட்டு, "நீங்க சைவம்தானே?" என்று கேட்டார். நம் இரண்டு பேர் நெற்றியிலும் பட்டை. ஆமாங்க என்றாய். நானும் தலையாட்டினேன். சிவனைக் கும்பிடுகிறவன் சைவம், இதில் என்ன பொய்? நம் தெருவில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் வரிசையில் நிற்பார்கள். அவர் அடுத்ததாக, "நல்லதாப் போச்சு. எங்க வீட்ல முட்டை கூட உள்ள வராது" என்றார். அப்போதுதான் விளங்கியது, அவர் கேட்டது சாமியை இல்லை, சட்டியை. உனக்கும் விளங்கியது, உன் கேசரி ஸ்பூன் பாதி வழியில் நின்றுவிட்டது. நீ என்னைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். இரண்டு பேரும் கேசரியைப் பார்த்தோம். உன் அம்மா மட்டும் சுவரில் இருந்த சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ சொன்னாய், கல்யாணத்துக்கு அப்புறம் ஏரிக்குப் போவதை விட்டுவிடலாம், வீட்டில் கவுச்சியும் வேண்டாம் என்று. சரி என்றேன். கண்டக்டர் டிக்கெட் டிக்கெட் என்று இடித்துக்கொண்டு போகிற இடத்தில் சரி என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல வரும்? கரையில் உட்கார்ந்து பேசியிருந்தால் வேறு மாதிரி பேசியிருப்போம். வீட்டுக்கு வந்து படுத்தும் தூக்கம் வரவில்லை. உன்மேல் கோபம் இல்லை. அலுப்பு.

கடைசியாக ஒரு தடவை என்று போன அமாவாசைக்கு நான் மட்டும் போனேன். பக்கத்தில் ஆள் இல்லாமல் தக்கையைப் பார்ப்பது தக்கையைப் பார்ப்பது மாதிரியே இருக்கிறது, வேறொன்றும் இல்லை. கிளம்பலாம் என்று எழுந்தபோது முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் மாட்டியது. குடத்தில் விட்டு, மொபெட்டில் கால் நடுவில் வைத்துக்கொண்டு வந்து அண்டாவில் விட்டேன். மேலே முறம், முறத்துக்கு மேலே கல். மறுநாள் காலையில் உன் அம்மா மிளகாய் அரைத்துக்கொண்டிருக்கிறாள், வாசலில் கயல்விழியும் அவள் அம்மாவும். முகூர்த்தப் புடவையைத் தறியில் இருக்கும்போதே பார்க்க வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு ஆசையாம். அரக்குப் புடவை, மயில் கழுத்துக் கரை. கரையைத் தொடுவதற்கு முன்னால், கை கழுவிவிட்டு வருகிறேன் மாமா என்று பின்கட்டுக்குப் போனாள். எவ்வளவு நல்ல பழக்கம், யார் வளர்த்தார்களோ என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, தண்ணீர் மொள்ள முறத்தைத் தூக்கிவிட்டாள்.

"மாமா, இதுல ஒரு மீன் இருக்குது. வளக்கிறீங்களா?"

உன் அம்மா அம்மிக்குப் பக்கத்தில் கை நிறைய மிளகாய் விழுதோடு நிற்கிறாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"ஆமாம்மா" என்றேன்.

அந்தப் பெண் குனிந்து அண்டாவின் கழுத்தைப் படித்தாள். தாத்தா காலத்துப் பாத்திரமாயிற்றே, நைனா பேர் வெட்டியிருக்கிறது. "மாணிக்கம். இதோட பேரா மாமா?"

அதற்கும் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் அம்மா வந்து எட்டிப் பார்த்து, கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டுத்தான் பார்த்திருக்கிறேன், நீங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறீர்களே, புண்ணியம் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். உன் அம்மா மிளகாய்க் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். அன்றைக்குச் சாயங்காலம் வரை அவளுக்கு வயிறு எரிந்தது. மிளகாயாலா மனசாலா என்று நான் கேட்டேன்; என்னைப் பார்த்த பார்வையில் அப்புறம் கேட்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் போன். மாணிக்கம் சாப்பிட்டதா மாமா, மாணிக்கத்துக்குத் தண்ணீர் மாற்றினீர்களா மாமா என்று. சம்பந்தி ஆள் மூலமாக ஒரு மூட்டை பொரி அனுப்பியிருக்கிறார். விரால் பொரி தின்னாது, சாயங்கால டீக்கு நான் தின்கிறேன். உன் அம்மா பாடுதான் பாவம். மாமனார் பேரை எப்படிச் சொல்வாள்? மீனைப் பெரியவர் என்கிறாள். பெரியவருக்குப் போட்டாச்சா, பெரியவர் ராத்திரி முழுக்க முறத்தை இடிக்கிறார். ஒரு நாள் அண்டாவைத் தாண்டிப் போகும்போது பழக்கதோஷத்தில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் சிரித்துவிட்டேன். "சிரிய்யா, சிரி. கொழம்புல கொதிக்க வேண்டிய ஆளுக்கு நான் மரியாதை குடுத்துக்கினு கீறேன்" என்றாள். நீ மட்டும் என்ன? கயல்விழி சொல்லித் தெரிந்துகொண்டு போன் செய்தாய். திட்டப் போகிறாய் என்று நினைத்தேன். சூப்பர்ப்பா, அப்படியே மெயின்டெயின் பண்ணுங்க என்றாய். மெயின்டெயின் பண்ணுவது என்றால் என்ன என்று உனக்குத் தெரியாது. தெரியட்டும் என்றுதான் முதலில் புழு கதையைச் சொன்னேன்.

தம்பி, சின்ன ஆமாம் ஒன்று நீ சொன்னாய், சின்ன ஆமாம் இரண்டு நான் சொன்னேன். அதற்கு இப்போது தினமும் தீனி போட வேண்டியிருக்கிறது. ஒரு நாள் சோம்பேறித்தனமாக இருந்தாலும் முடியாது. நானாவது பின்கட்டில் ஒரு மீனைச் சமாளித்தால் போதும். நீ அந்தப் பெண்ணோடு காலம் முழுக்க இருக்கப் போகிறாய். கேன்டீனில் என்ன சாப்பிட்டாய் என்று அவள் சும்மா கேட்பாள், நீ புழு தோண்டப் போவாய். சிநேகிதன் வீட்டு விருந்துக்குப் போய்விட்டுக் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டே வீட்டுக்குள் வருவாய். அந்த அலுப்பு என்னவென்று எனக்கு இந்தக் கொஞ்ச நாளில் தெரிந்துவிட்டது. அதைவிட எனக்கு உறைப்பது வேறு. அவள் அந்த மீனைப் படம் எடுத்துத் தன் ஸ்டேட்டஸில் வைத்து, எங்கள் மாமா வீட்டு மாணிக்கம் என்று போட்டிருக்கிறாள். நம்மை நல்லவர்கள் என்று நம்புகிறாள், நாம் செய்யாத ஒரு நல்லதுக்காக.

உன் அம்மாவிடம் சொன்னேன், அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று. அவள் தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "பத்திரிகை அடிச்சாச்சி. இப்ப சொல்லி, அவங்க வேணான்னுட்டா இன்னா பண்ணுவ?" என்று கேட்டாள். பதில் தெரிந்த மாதிரி உன்னிடம் எழுத மாட்டேன். வேண்டாம் என்றாலும் சொல்லலாம். புடவை கெட்டுப்போகாது, யாராவது கட்டிக்கொள்வார்கள். உன் காது சிவந்திருந்த அந்தச் சாயங்காலத்தை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும், கோபப்படுவதென்றால் அவள் தன் அப்பா வீட்டில் இருக்கும்போதே கோபப்படட்டும். தாலி ஏறினபிறகு நம் வீட்டுச் சமையற்கட்டில் நின்று தெரிந்துகொண்டால், கோபப்பட்டு எங்கே போவாள்?

அவள் மீன் தின்ன வேண்டாம். தொட வேண்டாம். மீன் சட்டி எப்போதும் பின்கட்டு அடுப்போடு சரி, உள்ளே வந்ததே இல்லை. அதுவும் ஆகாது என்றால் நான் கவுச்சியை விட்டுவிடுகிறேன், பொரியே எனக்குப் பழகிவிட்டது. கரையை மட்டும் விடச் சொல்லாதே. அதில் என் பங்குத் தப்பும் ஒன்று இருக்கிறது. நீ கம்பெனியில் சேர்ந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை போகலாம்பா என்று கேட்டாய். அமாவாசைதான் நம் வழக்கம் என்று முறைத்துக்கொண்டேன். உன் கம்பெனி அமாவாசைக்கு லீவு விடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பெரியவர்கள் செய்ததை மாற்றக் கூடாது என்று ஒரு வீம்பு. அப்படியே நீ வருவது குறைந்துபோனது, நானும் உன்னிடம் பேச வேண்டியதெல்லாம் பேசாமல் விட்டேன். அதில் தப்பு என்னுடையது. ஞாயிற்றுக்கிழமையே போகலாம். மீன் என்ன காலண்டர் பார்த்தா வருகிறது?

இப்படிச் செய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கயல்விழியை அந்தக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போ. தூண்டில் இரண்டையும் துடைத்து வைத்திருக்கிறேன். முள் கட்டவில்லை, தக்கை மட்டும்தான். ஆளுக்கொன்றைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் உட்காருங்கள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல உனக்கு வராது, நீ என் பிள்ளை. தக்கையைப் பார்த்துச் சொல். சைவம் என்று நாம் சொன்னது எந்தச் சைவம் என்று சொல். மாணிக்கம் யார் பேர் என்று சொல். அவளைப் பற்றி முதல் முதலாக நீ வாய் திறந்த இடம் இதுதான் என்பதையும் மறக்காமல் சொல். அவள் எழுந்து போனால், நான் மண்டிக்கு நேரில் போய் சம்பந்தியிடம் மன்னிப்புக் கேட்கிறேன். எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தால், இருட்டுகிற வரைக்கும் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். நீ சொல்லாமல் வந்தால், திங்கட்கிழமை அவள் மாணிக்கத்தை விசாரிக்கும்போது நானே சொல்லிவிடுவேன். மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

இதுவரை உள்ளது நேற்று எழுதியது. ராத்திரி நல்ல மழை. காலையில் பார்த்தால் முறம் ஒரு பக்கம், கல் ஒரு பக்கம், அண்டாவில் விளிம்பு வரை தண்ணீர், மீன் இல்லை. வாழைக்கடி, சாக்கடை எல்லாம் தேடினோம். உன் அம்மா இடுப்பில் கை வைத்து நின்று, "பெரியவரு போயிட்டாரு" என்றாள். சொல்லிவிட்டு, மழையில் ஓடிப்போனதாக அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டால் போதும், இனிமேல் யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது, மறைப்பானேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டே தறியில் உட்கார்ந்தேன். மழைக்காலம் என்பதால் குழியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஊறியிருந்தது. முகூர்த்தப் புடவைக்குக் கீழே காலை விட்டு மிதிக்கட்டையைத் தேடினேன். வழவழவென்று ஒன்று தட்டுப்பட்டது. மிதித்தேன். மிதிக்கட்டை கடித்தது.

பெரியவர் மறுபடியும் அண்டாவில் இருக்கிறார். கடிதத்தை இப்போதே தபாலில் போடுகிறேன்.